கன்று குறுக்கே வந்தது

மனுநீதிச் சோழன் நல்ல நேரம் பார்த்து ஆண்டுவிட்டுப் போய்விட்டான். திருவாரூர் வீதியில் அவன் மகன் ஓட்டிய தேரில் ஒரு கன்று அடிபட்டுச் செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை இழுத்தது. மன்னன் மகனைத் தேர்க்காலில் கிடத்தினான். கதை அவ்வளவுதான். பாவம், அவனிடம் ஓர் அமைச்சகம் இல்லை, தலைமை இயக்குநரகம் இல்லை, விபத்துப் புலனாய்வுப் பிரிவு இல்லை. இருந்திருந்தால் ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருப்பார்கள். ஐந்து மாதத்தில் அறிக்கை வேண்டும் என்று சொல்லி, பதின்மூன்று மாதம் கழித்து வாங்கியிருப்பார்கள். அதில் இப்படி எழுதியிருக்கும்: "இயக்க நடைமுறைகளைப் பின்பற்றாமல் கன்று தேர்ப்பாதைக்குள் நுழைந்ததே விபத்துக்கான காரணமாக இருக்கக்கூடும். கன்றைத் தடுத்திருக்க வேண்டிய தாய்ப்பசுவும் கடமை தவறியது." இளவரசனுக்குப் பதவி உயர்வு. பசுவுக்கு, அரசாங்க மணியை அனுமதியில்லாமல் தொட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்.

கட்டிவிட்ட கதை என்று சிரித்துவிடாதீர்கள். இந்த அச்சில் வார்த்த அறிக்கை ஒன்று டெல்லியில் இருக்கிறது. கன்று இருக்கும் இடத்தில் விமானி என்றும், பசு இருக்கும் இடத்தில் துணை விமானி என்றும் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். இருவரும் இறந்துவிட்டார்கள். ஆகவே மேல்முறையீடு கிடையாது.

2020 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. பெயர்தான் கோழிக்கோடு விமான நிலையம்; இருப்பது மலப்புறம் மாவட்டத்துக் கரிப்பூரில். குன்றின் தலையைச் சீவிச் சமன் செய்த ஓடுதளம். இதை டேபிள்டாப் என்பார்கள். முனையைத் தாண்டினால் பள்ளம். கொரோனா முடக்கத்தில் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் திட்டத்தில், துபாயிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 வந்துகொண்டிருந்தது. போயிங் 737-800 விமானம். பயணிகள் 184 பேர், அவர்களில் 10 பேர் கைக்குழந்தைகள். விமானிகள் இருவர், பணியாளர்கள் நால்வர். மொத்தம் 190 உயிர்.

கரிப்பூரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 28-ஆம் ஓடுதளத்தில் இறங்க முதல் முயற்சி. விமானியின் பக்கத்து வைப்பர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுபோனது. முன்கண்ணாடியில் தண்ணீர், அதற்கப்பால் இருட்டு. விமானம் இறங்காமல் மேலேறியது. அதற்குள் புறப்படவிருந்த இன்னொரு ஏர் இந்தியா விமானம் எதிர்முனையான 10-ஐக் கேட்க, கோபுரம் ஓடுதளத்தை மாற்றியது. 1344-இடமும் 10 சரிதானா என்று கேட்டது. சரி என்றார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் காற்று முதுகில் தள்ளும். பின்காற்று 14 நாட். தரைவேகம் 165 நாட், அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். 8,858 அடி ஓடுதளத்தில் 4,438 அடியைக் காற்றிலேயே கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொன்ன குரல் பதிவாகியிருக்கிறது. மணி இரவு 7.41. ஓடுதளம் தீர்ந்தது. விமானம் 110 அடி கீழே சுற்றுச்சாலையில் விழுந்து மூன்று துண்டானது. தீப்பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் அன்று கிடைத்த ஒரே தயவு. இரு விமானிகளும் 19 பயணிகளுமாக 21 பேர் செத்தார்கள்.

விசாரணை ஆரம்பித்த சூடு ஆறும் முன்பே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றி, தரையிறக்கம் சரியாக இல்லை என்கிற பொருளில் பேசிவிட்டார். விமானிகள் சங்கங்கள் கொதித்துப்போய், இவரை மாற்றுங்கள் என்று அமைச்சருக்கு எழுதின. எதற்குக் கொதிக்க வேண்டும்? மனிதர் நம் எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தினார். 2021 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கையும் அதையேதான் சொன்னது: விமானத்தை இயக்கியவர் நடைமுறைகளைப் பின்பற்றவில்லை, நிலைப்படாத இறக்கத்தைத் தொடர்ந்தார், தொடவேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டார், துணை விமானி கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கத் தவறினார்.

விமானி தவறே செய்யவில்லை என்று வாதாட நான் வரவில்லை. செய்தார். எரிபொருள் இருந்தது, இறங்க வேறு ஊர்கள் இருந்தன. வைப்பர் செத்த விமானத்தோடு, பின்காற்றில், நனைந்த ஓடுதளத்தின் நடுவில் இறங்கியது தவறு. பாதி வழியில் சக்கரம் தொட்டபோது அது திருத்தமுடியாத தவறாகிவிட்டது. விமானப்படையில் விங் கமாண்டராக இருந்தவருக்கு, வானத்திலேயே வயதைக் கழித்தவருக்கு, இது தெரியாதா? தெரியும். தெரிந்தவர் ஏன் இறங்கினார் என்று கேட்டிருந்தால், அந்தக் கேள்வி விமானி அறையின் கதவைத் திறந்து வெளியே வந்து, டெல்லி வரைக்கும் நடந்திருக்கும். நடக்க விடுவார்களா?

அறிக்கையிலேயே இருக்கிறது, பின்பக்கங்களில். கோழிக்கோட்டைத் தளமாகக் கொண்டு அந்த நிறுவனம் வைத்திருந்த துணை விமானிகள் 26 பேர். கேப்டன்? ஒரே ஒருவர். இருபத்தாறு மாப்பிள்ளைத் தோழர்கள், ஒரே மாப்பிள்ளை! மறுநாள் காலை அங்கிருந்து புறப்படும் விமானத்தையும் ஓட்டவேண்டியவர் இதே கேப்டன்தான். கோவைக்கோ கொச்சிக்கோ போய் இறங்கியிருந்தால் மறுநாள் விமானத்துக்கு ஆளில்லை. எப்படியும் ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் இருந்திருக்கலாம் என்று அறிக்கை கண்டுபிடிக்கிறது. அது தவறான உந்துதல் என்று கண்டிக்கவும் செய்கிறது. அந்த உந்துதலை அட்டவணையாகப் போட்டுக் கையில் கொடுத்தது யார்? ஒரு தளத்துக்கு ஒரு கேப்டன் போதும் என்று கணக்குப் பார்த்தது எந்த விமானி? அந்தக் கணக்கைப் போட்டவர் மழையில் நனையவில்லை. அவர் மேசைக்கு வைப்பர் தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் நிலையத்துக்கு ஒன்றல்ல, இரண்டு வானிலை எச்சரிக்கைகள் நடப்பில் இருந்தன. கோபுரத்தில் இருந்திருக்க வேண்டிய வானிலை அலுவலர் அங்கே இல்லை. இதையும் அறிக்கைதான் சொல்கிறது. எச்சரிக்கை இருந்தது, எச்சரிப்பவர் இல்லை. அமைப்புசார்ந்த தோல்விகளுக்கும் இந்த விபத்தில் பங்குண்டு, அதைப் புறக்கணிக்க முடியாது என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருக்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். விமானி உடைத்தது 'காரணம்'. அமைப்பு உடைத்தது 'பங்களிப்பு'. காரணத்துக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, அழுவதற்கு வீட்டில் ஆள் உண்டு. அமைப்புக்கு இதெல்லாம் கிடையாது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மட்டும் தவறாமல் வரும்.

யார் அந்த அமைப்பு? தேடிப் போகவே வேண்டாம், எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். அன்றைக்கு அந்த விமான நிறுவனம் அரசுடையது. ஓடுதளம் இந்திய விமான நிலைய ஆணையத்துடையது. கோபுரமும் அதன் கையில். இரண்டையும் மேற்பார்வை பார்ப்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். விபத்தானால் துப்புத் துலக்குவது விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. நான்கும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பிள்ளைகள். வண்டி அவர்களுடையது, வழி அவர்களுடையது, வழியில் நின்ற காவல்காரர் அவர்களுடைய ஆள், வழக்கை விசாரித்தவரும் அவர்களுடைய ஆள். குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் இரண்டே தரப்பு: பயணிகளும், பிணமாகிவிட்ட விமானிகளும். பயணிகள்மேல் பழி போட முடியவில்லை. அவர்கள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இனி மணி விஷயம். சோழன் கதையில் கன்று செத்த பிறகுதான் மணி அடித்தது. கரிப்பூரில் கன்று சாவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே ஒருவர் அடித்துவிட்டார். சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன். விமானியாக இருந்து விமானப் பாதுகாப்பு நிபுணரானவர். அரசே அமைத்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். 2011 ஜூனில் அவர் எழுதிய கடிதம் அமைச்சக வட்டாரத்துக்குப் போனது. மழையில், பின்காற்றோடு, கோழிக்கோட்டின் 10-ஆம் ஓடுதளத்தில் இறங்கும் விமானங்கள் எல்லாம் உள்ளே இருப்பவர்களின் உயிரைப் பணயம் வைக்கின்றன என்பது அதன் சாரம். ஊரைச் சொன்னார். ஓடுதளத்தின் எண்ணைச் சொன்னார். மழையைச் சொன்னார், காற்றின் திசையைச் சொன்னார். நாள் நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி. அதையும் சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றைக்கு விடுமுறை விட்டிருப்பார்கள்.

அவர் சும்மா இருந்து திடீரென்று பயந்துபோய் எழுதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2010 மே 22 அன்று மங்களூரில் ஒத்திகை முடிந்திருந்தது. அதே நிறுவனம். அதே 737-800. அதே துபாயிலிருந்து வந்த விமானம். அதேபோல் டேபிள்டாப். அங்கே மழைகூட இல்லை. தொடவேண்டிய இடத்தை வெகுதூரம் தாண்டி இறங்கி, ஓடுதள முனையைக் கடந்து பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். இறங்க வேண்டாம், மேலேறுவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்று விசாரணை மன்றம் முடிவு சொன்னது. கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியதும், அவருடைய குறட்டை ஒலிப்பதிவில் இருந்ததும் தெரியவந்தன. நாடே அந்தக் குறட்டையைப் பற்றிப் பேசியது. விமானி அறையில் ஒருவர் தூங்கியது செய்தியானது. அடுத்த பத்து ஆண்டு பல அறைகளில் பலர் தூங்கினார்கள். அங்கே ஒலிப்பதிவுக் கருவி பொருத்தும் வழக்கம் இல்லாததால் அந்தக் குறட்டை பதிவாகவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலைப்படாத இறக்கம். தாமதமான தொடுகை. மேலேறச் சொன்ன துணை விமானி. கேட்காத கேப்டன். மங்களூர் என்பதை அடித்துக் கோழிக்கோடு என்று எழுதினால் வேலை பாதி முடிந்தது. ஒரே நிறுவனத்தில், ஒரே வகை விமானத்தில், ஒரே தவறு பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு கேப்டன்களின் கையால் நடந்தால், அது இரண்டு மனிதர்களின் குணக்கோளாறு என்று நம்புவதற்குத் தனியான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை மட்டும் நம் அமைச்சகங்கள் ஒருநாளும் தள்ளிப்போடுவதில்லை.

அதற்காக யாருமே எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். செய்தார்கள். நோட்டீஸ் அனுப்பினார்கள். 2019 ஜூலையில் தலைமை இயக்குநரகம் கரிப்பூரில் சோதனை போட்டது. ஓடுதளத்தில் விரிசல்கள், ஓரங்களில் தேங்கும் தண்ணீர், அளவுக்கு மிஞ்சிப் படிந்த டயர் ரப்பர், வேலை செய்யாத காற்றுமானிக் கருவி என்று ஒரு பட்டியல் எடுத்தது. நிலைய இயக்குநருக்கு, உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு ஒரு கடிதம். இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நிரந்தரமான பதில் ஒன்று உண்டு: குறைகள் சரிசெய்யப்பட்டுவிட்டன. கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் நிம்மதி. ஓர் இயக்குநரகம் ஓர் ஆணையத்தைக் கேள்வி கேட்டு, அது பதில் சொல்லி, இருவரும் ஒரே அமைச்சருக்கு நகல் அனுப்பி, மூவரும் தங்கள் கடமையைச் செய்துமுடித்தார்கள். அடுத்த ஆண்டு மழையும் தன் கடமையைச் செய்தது.

ஓடுதளம் தீர்ந்த பிறகும் ஒரு விமானத்தைப் பிடித்து நிறுத்த முடியும். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முனைக்கு அப்பால் நுரைபோல் காற்றறைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கட்டிகளை வரிசையாகப் பதித்துவைப்பார்கள். மனிதன் நடந்தால் தாங்கும். விமானச் சக்கரம் ஏறினால் நொறுங்கும். சக்கரம் அதற்குள் புதையப் புதைய வேகம் செத்து, சில நூறு அடிக்குள் விமானம் நின்றுவிடும். கட்டிகள் பாழ், சக்கரமும் பாழ், ஆட்கள் பத்திரம். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1999-இல் ஒரு சிறு விமானம், 2003-இல் ஒரு சரக்கு விமானம், 2005-இல் ஒரு 747 என்று ஓடுதளம் தாண்டியவற்றை இந்தப் படுக்கை பிடித்து நிறுத்தியது. 2016-இல் அதே ஊரின் லகார்டியா நிலையத்தில், மழையில் வழுக்கிய ஒரு விமானத்தை இதேபோன்ற படுக்கைதான் காப்பாற்றியது. உள்ளே இருந்தவர் அடுத்த இரண்டு வாரத்துக்குள் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மைக் பென்ஸ். மனிதர் இறங்கி, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

கரிப்பூரில் அந்தப் படுக்கை இல்லை. ஏன் இருக்கவேண்டும்? அங்கே வந்து இறங்குகிறவர் யார்? வளைகுடாவில் கட்டடம் கட்டியவர், கார் ஓட்டியவர், கடையில் நின்றவர். விடுமுறை கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் அனுப்பும் பணம் பத்திரமாகத் தரையிறங்க வங்கிகள் எல்லா ஏற்பாடும் செய்திருக்கின்றன. அந்தப் பணம் ஒருநாளும் ஓடுதளம் தாண்டியதில்லை. கூடவே வரும் ஆளுக்கு ஏற்பாடு செய்யத்தான் நிதி ஒதுக்கீடு இடிக்கிறது.

அன்றிரவு விமானம் விழுந்த சத்தம் கேட்டுச் சுற்றுச்சாலைக்கு முதலில் ஓடிவந்தவர்கள் கொண்டோட்டி, கரிப்பூர்ப் பக்கத்து மக்கள். கொரோனாவால் அடைக்கப்பட்டிருந்த பகுதி அது. வீட்டைவிட்டு வெளியே வந்தால் போலீஸ் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவரைத் தொட்டால் நோய் தொற்றும். பத்தடி தள்ளி நில் என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த மாதம். இவர்கள் உடைந்த விமானத்துக்குள் புகுந்து ஆளைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் சொந்தக் காரில், ஆட்டோவில், ரத்தம் சொட்டச் சொட்டத் தெரியாத மனிதர்களை மடியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தாயும் தகப்பனும் எந்த ஆஸ்பத்திரியில் என்று தெரியாமல் தனித்துப்போன குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு வாட்ஸாப்பில் படம் அனுப்பினார்கள். ரத்தம் கொடுக்க ராத்திரி மழையில் வரிசையில் நின்றார்கள். பிறகு எல்லோரும் போய்த் தனிமைப்படுத்திக்கொண்டார்கள். விதிமுறைகளை மதித்தவர்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள். மீறியவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். விதிமுறை மீறியதற்காகக் கேப்டனைக் குறைசொன்ன அதே அமைப்பு, விதிமுறை மீறிய இந்த மக்களைத்தான் பிறகு மேடைமேடையாகப் புகழ்ந்தது. அந்த ஊருக்குத் தங்கள் இழப்பீட்டிலிருந்து ஒரு மருத்துவமனைக் கட்டடம் கட்டித்தரப் பின்னாளில் முன்வந்தவர்களும் விபத்தில் தப்பியவர்கள்தான். நன்றிக்கடன் தீர்க்க அவர்களுக்கு எந்தக் குழுவும் பரிந்துரை செய்ய வேண்டியிருக்கவில்லை.

பணம் என்றதும் அரசின் கணக்குத் திறமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். இடைக்கால நிவாரணம்: இறந்தவர் 12 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் 10 லட்சம், அதற்குக் கீழே என்றால் 5 லட்சம். சாவிலும் அரை டிக்கெட்.

இன்னொரு கணக்கு தமிழர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். கரிப்பூர் விபத்துக்கு முந்தைய இரவு, அதே மழையில், அதே மாநிலத்தில், மூணாறுக்கு மேலே ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு கொழுந்து பறிக்க மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள். கரண்ட் இல்லை, போன் இல்லை. 70 பேர் செத்த செய்தி வெளியே வருவதற்கே பொழுது விடியவேண்டியிருந்தது. கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடியில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். முதலமைச்சர் கரிப்பூருக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு அவர் போய்ச்சேர ஆகஸ்ட் 13 ஆகிவிட்டது. பாதை மோசம், மழை என்று காரணம் சொன்னார்கள். உண்மைதான், அந்தப் பாதையில்தான் அந்த மக்கள் நூறு ஆண்டாக நடந்துகொண்டிருந்தார்கள். வானத்திலிருந்து விழுந்தால் ஒரு விலை, மலையடியில் புதைந்தால் பாதி விலை. கரிப்பூரில் செத்தவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கொடுத்ததும் கம்மிதான். உயிருக்கு உயரம் பார்த்து விலை வைக்கும் தராசு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

விபத்துக்குப் பிறகு வழக்கமான சுறுசுறுப்பு. கரிப்பூரில் பெரிய விமானங்கள் இறங்கத் தடை விதித்தார்கள். கவனியுங்கள், விழுந்தது பெரிய விமானமே அல்ல. ஆனாலும் எதையாவது தடை செய்தால்தான் ஏதோ செய்ததாக இருக்கும். முனையில் பாதுகாப்புப் பரப்பை விரிக்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஓடுதளத்தையே வெட்டிச் சுருக்கலாமா என்று யோசித்தார்கள். ஊர் எதிர்த்தது. பிறகு 14.5 ஏக்கர் நிலம் எடுக்கலாம் என்றார்கள். யார் எடுத்துத் தருவது, யார் பணம் கட்டுவது, யார் மண் நிரப்புவது என்று மாநிலமும் மத்தியும் பேசின, பேசின, பேசிக்கொண்டே இருந்தன. சிலநூறு அடி நீளமுள்ள ஒரு நிலப்பரப்பைப் பற்றி இரண்டு அரசுகள் பேசும் வேகத்துக்கு விமானம் இறங்கியிருந்தால், விபத்தே நடந்திருக்காது. அறிக்கையின் கடைசியில் 40-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் இருக்கின்றன. மங்களூர் அறிக்கையிலும் பரிந்துரைகள் நிறைய இருந்தன. பரிந்துரைக்குப் பஞ்சம் வந்து இந்த நாட்டில் யாரும் செத்ததில்லை.

அந்த 40-க்கும் மேற்பட்டவற்றில் சேர்த்துக்கொள்ள எனக்கும் ஒன்று உண்டு. கேட்பது பெரிதில்லை. 2011 ஜூனில் வந்த அந்தக் கடிதம் எந்தெந்த மேசைக்குப் போனது, யார் யார் படித்தார்கள், ஓரத்தில் என்ன குறிப்பு எழுதினார்கள், அவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். விமானி எந்த நொடியில் எந்த நெம்புகோலைத் தொட்டார், இயந்திரத்தின் வேகம் எப்போது கூடியது, வைப்பர் எத்தனை நொடி ஓடியது என்பதெல்லாம் கறுப்புப் பெட்டியிலிருந்து நொடி பிசகாமல் எடுக்க முடிகிறது. காகிதக் கோப்பிலிருந்து, அதுவும் சொந்த அலமாரியில் இருக்கும் கோப்பிலிருந்து, ஒரு பெயரை எடுக்க முடியாதா? 110 அடிப் பள்ளத்திலிருந்து கிடைத்த சாட்சியம் டெல்லியின் அலமாரியிலிருந்து கிடைக்கவில்லை என்றால், தேட மனம் இல்லை என்றுதான் பொருள்.

எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன் என்று பழமொழி சொல்வார்கள். நொந்தால் அம்புக்கு வலிக்காது, எய்தவனுக்குச் சௌகரியம், பயன் அதுதான். இந்த ஏற்பாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. அடுத்த விபத்தில் இறக்கப்போகும் கேப்டன் இன்றைக்கு எங்கோ நல்லபடியாகப் பறந்துகொண்டிருக்கிறார். அவர்மேல் எழுதவேண்டிய குற்றச்சாட்டு முழுவதும் தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

பரிந்துரை ஏற்கப்படாது என்று எனக்கும் தெரியும். ஆகவே செலவில்லாத ஒரு யோசனையோடு நிறுத்திக்கொள்கிறேன். அமைச்சகம் விமானப் பாதுகாப்பு ஆய்வுக்கூட்டம் நடத்தும் அல்லவா, இனிமேல் அதை டெல்லியில் நடத்தவேண்டாம். ஜூலை மாதம், தென்மேற்குப் பருவமழை நின்று கொட்டும் ஒரு ராத்திரி, கரிப்பூருக்கு வரும் ஒரு விமானத்தில் நடத்துங்கள். ஆணையத்துக்கு முன்வரிசை, இயக்குநரகத்துக்கு நடுவரிசை, நிதி ஒதுக்கீட்டுக்காரர்களுக்குச் சிறகுப் பக்கத்து ஜன்னல். வைப்பர் வேண்டாம். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். 10-ஆம் ஓடுதளம். ஒன்பது ஆண்டாக ஆராய்ந்துகொண்டிருந்த கடிதம் ஒன்பது நிமிடத்தில் படித்து முடிக்கப்படும். நிதி இல்லை என்று ஒரு குரலும் எழாது. நிலம், படுக்கை, கேப்டன்கள், கோபுரத்துக்கு வானிலை அலுவலர் என்று அத்தனை தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறிவிடும், சக்கரம் தரையைத் தொடுவதற்குள்.